173ஆம் எண்ணின் மாறுவேடம்

கொல்லிமலைச் செம்மேட்டில் தங்க அறை தேடி ஒருவர் இணையதளத்தைத் திறந்தால், எங்கோ இருக்கும் சர்வரில் ஒரு நிரல் ஓடி, அவர் கேட்ட பக்கத்தை அந்த நொடியில் உருவாக்கி அனுப்புகிறது. அந்த நிரல் பிஹெச்பி மொழியில் எழுதப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட மொழி அது. அதில் ஒரு சிறு கோட்டால் உண்டான ஓட்டையை 12 ஆண்டுகளில் மூன்று முறை அடைக்க வேண்டியிருந்தது.

கதை நம் நாட்டில் தொடங்குகிறது. நல்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டையொட்டி, 2012 ஜனவரியில் 'ஹேக்இம்' என்ற இணையப் போட்டி நடந்தது. அதில் ஆடிய ஐன்ட்பாசன் குழு, புதிர்களோடு நிற்காமல் மதிப்பெண் பலகையையே உடைத்துப் பார்த்தது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, ஒரு கோடு, 'எஸ்' என்ற எழுத்து. அவ்வளவுதான். பக்கம் வரவேண்டிய இடத்தில் அதன் மூல நிரல் வந்து நின்றது!

காரணம் எளியது. சிஜிஐ என்ற பழைய முறையில் பிஹெச்பியை ஓட்டும்போது, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில் சமக்குறி இல்லாவிட்டால், சர்வர் அதைக் கட்டளைச் சொற்களாகப் பிரித்து பிஹெச்பியிடம் கொடுத்துவிடும். கோட்டில் தொடங்கும் சொல்லை பிஹெச்பி தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும். இப்படி வேறு உத்தரவுகளைக் கொடுத்து, அந்நியர் தம் நிரலையே அங்கே ஓட்ட முடியும். எட்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை இது. மே 3 அன்று வந்த திருத்தம் போதவில்லை. மே 8 அன்று மறுதிருத்தம் வந்தது. கோட்டில் தொடங்கினால் உத்தரவாக ஏற்காதே என்பதே அதன் சாரம்.

அந்தக் காவல் 2024 வரை நின்றது. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் அதைத் தாண்டும் வழியைக் கண்டார். அவர் அனுப்பியது கோடு அல்ல, 173ஆம் எண்ணுள்ள 'சாஃப்ட் ஹைபன்'. வரி மடங்கும் இடத்தைக் குறிக்கும் இந்தக் குறி மற்ற நேரங்களில் கண்ணுக்குத் தெரியாது. சீன, ஜப்பானிய மொழி அமைப்பில் உள்ள விண்டோஸின் பழைய எழுத்து அட்டவணைகளில் இதற்கு இடமில்லை. ஆகவே விண்டோஸ் அதற்கு நெருங்கிய உருவத்தைத் தேடி, சாதாரணக் கோட்டை வைத்துவிடுகிறது. கொல்லிமலை அடிவாரத்தில் நடப்பதாக இதைக் கற்பனை செய்யலாம்: காரவள்ளிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் தண்ணீர் பாட்டில்; 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே திறந்தால் மது பாட்டில். சாவடிக்காரர் கண்ணில் குறை இல்லை. பொருள் மாறியது அவரைக் கடந்த பிறகு.

எண் ஒன்று, எழுத்து வேறு என்ற தொல்லை தமிழருக்குப் பழக்கமானதுதான். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி முறையில் இதே 173ஆம் எண் 'இ' என்ற எழுத்துக்கு உரியது. அட்டவணை மாறினால் எழுத்தும் மாறும். நம் கோப்புகளில் அதனால் வாசிப்பு கெட்டது. இங்கே காவல் கெட்டது.

2024 ஜூன் 6 அன்று வந்த திருத்தம் இந்த இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் செய்யப்போகும் மாற்றத்தை பிஹெச்பி முதலில் தானே செய்து பார்த்து, கோடாக மாறும் எழுத்தையும் கோடாகவே நடத்துகிறது. சோதிப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே எழுத்தைப் பார்க்கும்போதுதான் சோதனைக்குப் பொருள் உண்டு.

ஆனால் 8.1, 8.2, 8.3 ஆகிய வரிசைகளுக்கே திருத்தம் கிடைத்தது. ஆதரவு முடிந்துபோன 8.0, 7, 5 வரிசைகளுக்கு இல்லை. மறுநாளே தாக்குதல் முயற்சிகள் பதிவாயின. சில நாள்களில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பலும் வந்து சேர்ந்தது. திருத்தம் வெளியாகும் நாளில் ஓட்டை எங்கே என்பதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. ஆகவே சிறு விடுதிக்குத் தளம் வைத்திருப்பவரும் அதைப் பராமரிப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் பதிப்பு ஓடுகிறது? அதற்குத் திருத்தம் இன்னும் வருகிறதா?