மருந்துப் பையைத் திறக்கச் சொல்பவர்

அம்மா அப்பா ஊரிலிருந்து மெல்பர்ன் வந்து இறங்கும்போது, பெட்டியில் பருப்புப்பொடி, ஊறுகாயோடு மூன்று மாத மாத்திரைகளும் வரும். அது தீரும் முன்பே கேரம் டவுன்ஸிலோ டாண்டினோங்கிலோ உள்ள குடும்ப மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்திருப்பார். ஊர் அட்டையில் ‘கிளைகோமெட்’ என்று இருக்கும். இங்கே வாங்கியதில் ‘டயபெக்ஸ்’ என்று இருக்கும். பெயரும் வேறு, அட்டையும் வேறு. உள்ளே இருப்பது ஒரே மெட்ஃபார்மின். ‘கிளைகோமெட் ஜிபி’ என்றால் கூடவே கிளிமெபிரைடும் சேரும். அது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக் கூடியது. இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவருக்கு அது தெரியாது.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. ஆஸ்திரேலிய மருந்தாளுநர் சங்கம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருந்து தொடர்பான சிக்கல்களால் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 பேர் இந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் சேர்கிறார்கள். செலவு 140 கோடி டாலர். இதில் பாதி தவிர்த்திருக்கக் கூடியது. அதே ஆண்டில் மருந்துப் பாதுகாப்பு தேசிய சுகாதார முன்னுரிமையாக அறிவிக்கப்பட்டது.

நான் கணினித் துறைக்காரன். ஆஸ்பத்திரி மென்பொருள் இதையெல்லாம் பிடித்துவிடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். பிடிக்கும், யாராவது அதில் பதிந்திருந்தால். அம்மாவின் கைப்பையில் இருக்கும் அட்டை எந்தக் கணினிக்கும் தெரியாது. அதைக் கேட்டு வாங்க ஒரு மனிதர் வேண்டும். பெரும்பாலும் அந்த மனிதர் ஆஸ்பத்திரி மருந்தாளுநர்தான்.

மருந்தாளுநர் என்றாலே கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் அவர் வார்டுக்கே வருகிறார். நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல் மருந்துப் பை, மருந்துக்கடைப் பதிவு, குடும்ப மருத்துவரின் பட்டியல் என்று இன்னொரு இடத்திலும் சரிபார்க்கிறார். மெல்பர்ன் ஆல்ஃப்ரெட் ஆஸ்பத்திரியில் 2012-இல் ஒரு முறை தொடங்கியது. அதில் மருத்துவரோடு கலந்து பேசி மருந்துப் பட்டியலை எழுதுவதே மருந்தாளுநர்தான். அதற்கு அவர் தனிப் பயிற்சி பெற்று, மதிப்பீட்டிலும் தேற வேண்டும்.

இந்தத் திறமை வகுப்பறையில் வராது. இங்கே பட்டம் முடித்த பிறகு 1,575 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்து, தேர்வும் எழுதினால்தான் முழுப் பதிவு. நம் ஊர் டி.பார்ம். படிப்பில் செய்முறைப் பயிற்சி 500 மணி நேரம். இந்தியாவில் 2008-இல் வந்த ஆறாண்டு ஃபார்ம்.டி. படிப்பில் கடைசி ஓராண்டு பயிற்சிக் காலம். அதாவது, நோயாளியின் பக்கத்தில் நின்றுதான் இதைக் கற்க முடியும் என்பதை நம் ஊரும் ஏற்கத் தொடங்கி வெகு காலமாகவில்லை.

ஆனால் 1,575 மணி நேரம் பழகிய இளைஞருக்கும் நம் பெரியவர்களிடம் கேள்வி கேட்பது லேசில்லை. “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லைப்பா” என்பார்கள். கஷாயம், சூரணம், லேகியம் எதுவும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. சஷ்டி விரதத்தன்று மாத்திரையை விடுவதையும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் மகன் நின்றால் அவரே முந்திக்கொண்டு, “எல்லாம் ஒழுங்கா போடுறாங்க” என்பார். மகனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேத்தி மொழிபெயர்த்தால், பாட்டி வெட்கப்பட்டு மலச்சிக்கலைப் பற்றிக்கூட வாய் திறக்க மாட்டார்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசுவதும், நாட்டு மருந்தைப் பற்றி முகம் சுளிக்காமல் கேட்பதும் மாணவர் பயிற்சியில் கட்டாயப் பாடமாக வேண்டும். எப்போதாவது ஒரு சொற்பொழிவாக இருந்தால் போதாது. வார்டிலேயே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் பாடமாக இருக்க வேண்டும். டாண்டினோங் மாதிரி பல மொழி பேசும் பகுதிக்கு இது கூடுதல் சலுகை இல்லை, அடிப்படைத் தேவை.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. விக்டோரியாவின் அரசு ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை, கேட்டு வாங்குங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து இங்குள்ள மருந்துச்சீட்டுகளில் மூலப்பொருளின் பெயர் கட்டாயம். ஊர் அட்டையிலும் அது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே தாளில் எழுதிக் கைப்பையில் போட்டு வையுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால், நீங்களாக எதையும் நிறுத்தாமல் உடனே மருந்தாளுநரிடம் காட்டுங்கள்.

இங்கேயே பிறந்து மருந்தியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பேசும் அரைகுறைத் தமிழ் என்று கூச்சப்பட வேண்டாம். மொழிபெயர்ப்பாளரின் இடத்தை அது பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. ஆனால் “பாட்டி, பையைக் கொஞ்சம் காட்டுறீங்களா?” என்று கேட்க அது தாராளமாகப் போதும். பாதிப் பாட்டிகள் அந்த ஒரு கேள்விக்குத்தான் காத்திருக்கிறார்கள்.