முக நினைவும் சொல் வருணனையும்

1. முன்னுரை

ஒருமுறை கண்ட முகங்களுள் சில நெடுங்காலம் நினைவில் நிற்கின்றன. சில விரைவில் மறைந்துவிடுகின்றன. இவ்வேறுபாடு காண்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது எனக் கருதுவது இயல்பு. ஆயினும், ஒருவர் நினைவில் கொள்ளும் முகங்களையே பிறரும் பெரிதும் நினைவில் கொள்கின்றனர் என்பதைப் பெயின்பிரிட்ஜ், ஐசோலா, ஒலிவா ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே, நினைவில் நிற்கும் தன்மை ஓரளவு முகத்திலேயே அமைந்துள்ளது எனலாம்.

2. முகவெளிக் கோட்பாடு

வாலண்டைன் 1991இல் முன்வைத்த முகவெளிக் கோட்பாடு இதனை விளக்க உதவுகிறது. இதன்படி, அறிந்த முகங்கள் மனத்தில் பல பரிமாணங்கள் கொண்ட ஒரு வெளியில் புள்ளிகளாக அமைகின்றன. சராசரியை ஒட்டிய பகுதியில் புள்ளிகள் செறிந்துள்ளமையால், அங்குள்ள முகம் பிறவற்றோடு மயங்குகிறது. சராசரியினின்று விலகிய முகத்திற்கு இம்மயக்கம் குறைவு.

3. வருணனையின் விளைவு

இவ்விலகலைச் சொற்கள் எளிதில் பற்றுவதில்லை. ஸ்கூலர், எங்ஸ்லர்-ஸ்கூலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் சிலருக்கு வங்கிக் கொள்ளைக் காட்சி காட்டப்பட்டது. கொள்ளையனின் முகத்தைச் சொற்களால் வருணித்தோர், வருணிக்காதோரினும் குறைவாகவே அவனை அடையாளம் கண்டனர். 2014இல் பல ஆய்வகங்கள் இதனை மீண்டும் சோதித்தன. வருணித்தவுடன் அடையாளம் காட்டச் சொன்னபோது இவ்விளைவு மிகுந்து காணப்பட்டது. முகம் முழுமையாக அறியப்படுகிறது. வருணனையோ அதனை உறுப்புகளாகப் பிரிக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

4. தமிழ்ச் சொற்கள்

'வட்ட முகம்', 'கூரிய மூக்கு' என்பன வகைப் பெயர்கள், பலருக்கும் பொருந்துவன. 'மூக்கும் முழியுமாக' என்னும் தொடர் பாராட்டுகிறதேயன்றி ஆளை இனங்காட்டுவதில்லை. 'முகவெட்டு', 'சாயல்' என்பன வேறு வகையின. 'தந்தையின் முகவெட்டு' என்னும்போது உறுப்புகள் பிரிக்கப்படுவதில்லை; ஒரு முழு முகம் மற்றொரு முழு முகத்தால் சுட்டப்படுகிறது. ஆனால், தந்தையை அறிந்தவருக்கே இச்சுட்டு பயன்படும்.

5. முடிவுரை

சாட்சியங்களை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். 'முகவெட்டு' என்பதை 'முகத்தின் வடிவம்' எனப் பெயர்த்தால், ஒப்புமை கூறிய சாட்சி உறுப்பு வருணனை கூறியதாகப் பதிவாகிவிடும். அவ்வடிவம் பொருந்தும் வேறொருவர் மீது ஐயம் விழவும் அது இடமளிக்கும். சாட்சி ஒப்பிட்டதை ஒப்புமையாகவே தருவதும், அவர் கூறாத நுட்பத்தைச் சேர்க்காதிருப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.