வாளை விசாரிக்கும் வாள்

ஜப்பானிய சாமுராய் படங்கள் அந்தமானில் வேறு மாதிரி தெரியும். அந்த வாளை இந்தத் தீவு நேரில் பார்த்திருக்கிறது.

தெற்கு அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது) வடக்கே போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பெரார்கஞ்ச். 1920களில் தலைமை ஆணையராக இருந்த பெராரின் பெயரைத் தாங்கிய ஊர். உலக சினிமா இங்கெல்லாம் வந்து சேருவது எப்போதுமே தாமதம்தான். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கி.மீ. நீளக் கேபிள் வந்து இயங்கத் தொடங்கியது 2020 ஆகஸ்டில். அதன்பின் அகிரா குரோசவாவையும் மசாகி கோபயாஷியையும் வீட்டிலிருந்தே திக்காமல் திணறாமல் பார்க்கலாம் என்ற நிலை.

ஜப்பானிய வாள் அதற்கு 78 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை இறங்கியது. உளவு பார்த்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி மேஜர் பேர்டின் தலை வெட்டப்பட்டது. டாக்டர் திவான் சிங் செல்லுலர் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி 1944 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் 30ஆம் தேதி ஹம்ப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். (அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்புதான் போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியிருந்தார்.) 1945இல் அரிசி தீர்ந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளப்பட்டார்கள்.

இந்த மண்ணில் உட்கார்ந்து வாள்வீரன் கதையை ரசிக்க முடியுமா? முடியும் என்பதுதான் விசித்திரம். காரணம், இந்த வகையின் சிறந்த படங்கள் வாளை வழிபடுவதில்லை. சாமுராய்கள் வாள் அணிவதை ஜப்பான் அரசே 1876இல் தடை செய்தது. உலகப் போரில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலைச் சரக்கு. மேலே சாமுராய் மரபு என்ற முலாம். போருக்குப் பின் இந்த முலாமைச் சுரண்டியவர்கள் ஜப்பானிய இயக்குநர்களே.

கோபயாஷி அந்த ராணுவத்திலேயே இருந்தவர். பதவி உயர்வை மறுத்துக் கடைசிவரை சாதாரணச் சிப்பாயாகவே காலம் தள்ளியவர். அவருடைய 'ஹராகிரி' (1962) படத்தில், நோயில் கிடக்கும் மனைவிக்காகவும் குழந்தைக்காகவும் வாளை விற்றுவிட்ட ஏழை சாமுராய் ஒருவன் உறையில் மூங்கில் வாளோடு ஒரு பிரபுவின் மாளிகைக்கு வருகிறான். 'மானம்' பேசும் மாளிகைக்காரர்கள் அந்த மூங்கிலாலேயே அவனை வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள். பார்க்கச் சகிக்காத காட்சி. பிறகு நியாயம் கேட்டு வருகிறார் அவனுடைய மாமனார். டட்சுயா நகடாய் அதிகம் அசையாமல், பேசிப் பேசியே அந்த மாளிகையின் அஸ்திவாரத்தை ஆட்டிவிடுகிறார்.

குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) மூன்றரை மணி நேரப் படம். கொள்ளையரிடமிருந்து காக்க வந்தவர்களுக்கு அரிசியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் தினையைத் தின்னும் விவசாயிகள், அதே சாமுராய்களுக்குப் பயந்து பெண்களையும் தானியத்தையும் ஒளித்து வைக்கிறார்கள். ஆக்கிரமிப்பின்போது விளைச்சலைப் பறிகொடுத்த தீவுக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் சினிமா இந்தச் சங்கதியை அப்போதே தொட்டது. குரோசவாவின் 'ரஷோமோன்' பாதிப்பில் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்' வெளியானதும் 1954 ஏப்ரலில்தான். பாட்டே இல்லாத அந்தப் படத்தின் பின்னணி, 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் போட்ட குண்டு. ஜப்பானுக்கு உளவு சொல்லும் என்ஜினீயராக சிவாஜி கணேசன். ஜப்பானியப் படத்திடம் கடன் வாங்கி ஜப்பானின் கைக்கூலியைக் கூண்டில் ஏற்றிய துணிச்சலுக்கு இன்னும் கூடுதல் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும்.

'ஹராகிரி' கடைசியில், மாளிகையில் ரத்தம் கழுவப்படுகிறது. வெட்டுப்பட்டவர்கள் நோயால் இறந்ததாகக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. அந்தமானில் அதைவிடச் சுலபமான வழி. 1945 அக்டோபரில் முறைப்படி சரணடைவதற்கு முன்பே, ஜப்பானியர் தங்கள் ஆட்சியின் ஆவணங்களை அழித்துவிட்டார்கள். அந்த மூன்றரை ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி, உயிர் தப்பியவர்கள் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.