சொல்லாததை அறியாத இயந்திரம்

நுழையும்முன்

தொழிற்கூடங்களில் மட்டுமே இருந்த எண்வழிச் செதுக்கு இயந்திரம் இன்று வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. வரைபடம் பிழையின்றி இருந்தும் வெட்டிய பொருள் பிழைபடுவது ஏன்? இவ்வினாவுக்கான விடையை இப்பாடம் விளக்குகிறது.

கருவிப்பாதை

பழகிய தச்சர் உளியைப் பிடித்ததும் மரத்தின் கடினத்தையும் உளியின் கூர்மையையும் அவருடைய கை உணர்ந்துகொள்கிறது. சி.என்.சி. எனப்படும் கணினி எண்வழிக் கட்டுப்பாட்டு இயந்திரத்திற்கு அவ்வுணர்வு இல்லை. வெட்டுக்கருவி எங்கே தொடங்கி, எவ்வழியே, எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும் என்பதை எண்களாகவே அதற்குச் சொல்ல வேண்டும். அவ்வழியே கருவிப்பாதை, வரைபடத்திலிருந்து அதனைக் கணித்துத் தருவது கருவிப்பாதை மென்பொருள்.

1940களில் ஹெலிகாப்டர் சுழலி இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக அமைக்க அமெரிக்கரான ஜான் பார்சன்ஸ் எண்களின் துணையை நாடினார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக, 1952இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் எண்வழியில் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைச் செய்துகாட்டியது. இன்று ஆர்டுயினோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகையும் ஜிஆர்பிஎல் என்னும் கட்டற்ற மென்பொருளும் ஆர்வலர்க்கு அவ்வாற்றலை அளிக்கின்றன. ஆயினும் இயந்திரம், மோட்டார், மென்பொருள் ஆகியவற்றை வெவ்வேறு இடங்களில் பெறும் ஆர்வலரே அவற்றை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மொழி, பல வழக்குகள்

இயந்திரங்களுக்கான கட்டளைகள் ஜி-குறிமுறையில் எழுதப்படுகின்றன. தமிழுக்கு வட்டார வழக்குகள் இருப்பதுபோல் இதற்கும் வழக்குகள் உண்டு. கருவியை மாற்றச் சொல்லும் எம்6 என்னும் கட்டளையைப் பெரிய இயந்திரங்கள் புரிந்துகொள்ளும். ஜிஆர்பிஎல்லின் அடிப்படைப் பதிப்போ அதனை ஏற்காமல் பிழை காட்டும். எனவே, கருவிப்பாதையை அந்தந்த இயந்திரத்தின் வழக்கிற்கு மாற்றித் தரும் பின்செயலியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

குரல் கொடுக்காத பிழைகள்

பிழைச்செய்தி வந்தால் திருத்திக்கொள்ளலாம். செய்தி ஏதுமின்றி நிகழும் பிழைகளே ஆர்வலரை அயரச் செய்கின்றன.

ஜி20 அங்குலத்தையும் ஜி21 மில்லிமீட்டரையும் குறிக்கும். அங்குலத்தில் எழுதிய நிரலை மில்லிமீட்டராகக் கொண்டால், பொருள் 25.4 மடங்கு சிறுத்துவிடும்.

தொடக்கப்புள்ளியும் அத்தகையதே. மென்பொருள் பலகையின் மேற்பரப்பைச் சுழியமாகக் கொண்டிருக்க, இயக்குபவர் மேசைப்பரப்பைச் சுழியமாக அமைத்தால், வெட்டுக்கருவி மேசையையே துளைக்கும். மாறாக அமைந்தால் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது மோட்டாரின் அடியளவு. ஒரு சுற்றுக்கு 200 அடிகள் வைக்கும் மோட்டாரின் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுத்தால் 1600 நுண்ணடிகள் ஆகும். ஒரு சுற்றில் திருகுத்தண்டு 8 மி.மீ. நகர்த்துமாயின், ஒரு மில்லிமீட்டருக்கு 200 நுண்ணடிகள் தேவை. அவ்விடத்தில் 250 எனப் பதிந்திருந்தால், 100 மி.மீ. நகரச் சொன்ன இயந்திரம் 125 மி.மீ. நகரும்.

வேகத்திற்கும் கணக்கு உண்டு. நிமிடத்திற்கு 10,000 முறை சுழலும் இருமுனைக் கருவியின் ஒவ்வொரு முனையும் 0.05 மி.மீ. சீவ வேண்டுமெனில், நகர்வு வேகம் நிமிடத்திற்கு 1000 மி.மீ. ஆகும். வேகம் மிகக் குறைந்தால் கருவி சீவாமல் உரசும், மரம் கருகும். மிகுந்தால் கருவி ஒடியும்.

தேர்ந்து தெளிதல்

இப்பிழைகளில் மென்பொருளும் பழுதில்லை, இயந்திரமும் பழுதில்லை. இரண்டிற்கும் இடையே சொல்லாமல் விடப்பட்ட ஒன்றே பிழையாகிறது. ஒரே நேரத்தில் பல அமைப்புகளை மாற்றுவோர் எதனால் சரியானது என்பதையும் அறியமாட்டார். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல், கருவியைப் பலகைக்கு மேலே உயர்த்தி வெற்றோட்டம் பார்த்தல், அளந்து குறிப்பேட்டில் பதிதல் ஆகிய மூன்றும் நல்வழிகள். 100 மி.மீ. நகரச் சொல்லி அளவுகோலால் அளந்தாலே அடியளவின் பிழை வெளிப்பட்டுவிடும்.

தச்சரின் கை தானே அறிந்திருந்ததை எண்ணாக்கிச் சொல்ல முயலும்போதுதான் அக்கை எவ்வளவு அறிந்திருந்தது என்பது நமக்குப் புலனாகிறது. கருவியை அமைக்கக் கற்பவர் கைத்தொழிலின் நுட்பத்தையும் சேர்த்தே கற்கிறார்.