இரண்டாவது குழந்தைக்கான ஊசி

பிரசவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தாயும் சேயும் நலம். அந்த நேரத்தில் விலை கூடுதலான ஓர் ஊசியை எழுதி, உடனே வாங்கிவரச் சொல்கிறார் மருத்துவர். "குழந்தை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்று வீட்டார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆன்டி-டி எனப்படும் அந்த ஊசியால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. இனிமேல் உருவாகப்போகும் குழந்தையைக் காப்பதற்காக இன்றைக்கே தாய்க்குப் போடுவது அது. நாள் தவறினால் அந்தக் காப்பை உறுதியாகத் தர முடியாது.

நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள்மீது டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ஏ, பி, ஓ என்ற பிரிவு வேறு, இது வேறு. ஐரோப்பியர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் நெகட்டிவ். இந்தியாவில் ஐந்து பேர் அளவில்தான். நெகட்டிவாக இருப்பது நோயோ குறையோ அல்ல. தாய் நெகட்டிவாகவும் வயிற்றிலிருக்கும் குழந்தை தந்தையின் வழியில் பாசிட்டிவாகவும் இருக்கும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது.

கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி இடையில் நின்று சத்தையும் பிராணவாயுவையும் கடத்துகிறது. ஆனால் பிரசவத்தில் நஞ்சு பிரியும்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடலுக்குள் போய்விடுகிறது. தான் இதுவரை கண்டிராத டி புரதத்தைத் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமாகக் கருதி, அதை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்குகிறது. அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் முதல் குழந்தை வெளியே வந்துவிட்டது. அதற்குப் பாதிப்பில்லை. தாய்க்கும் எந்த அறிகுறியும் தெரியாது.

ஆனால் உடல் மறப்பதில்லை. அடுத்த குழந்தையும் பாசிட்டிவாக இருந்தால், துளியளவு ரத்தம் கசிந்தாலே எதிர்ப்பொருள் வேகமாகப் பெருகும். இம்முறை உருவாவது நஞ்சுக்கொடியைத் தாண்டக்கூடிய வகை. அது குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. குழந்தைக்கு ரத்தசோகை வருகிறது, கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. முற்றினால் உடல் முழுவதும் நீர்கோத்துக் கருவிலேயே இறந்துவிடலாம். உயிரோடு பிறந்தாலும் ஆபத்து முடிவதில்லை. சிவப்பணு சிதைவதால் வரும் மஞ்சள் நிறப் பொருளைக் கருவில் இருக்கும்வரை தாயின் உடல் வெளியேற்றித் தந்தது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த உதவி நின்றுவிடுகிறது. பிறக்கும்போது இயல்பாகத் தெரிந்த குழந்தை சில மணி நேரத்திலேயே மஞ்சளாகிறது. அளவு கடந்தால் மூளை பாதிக்கப்படும், காது கேளாமல் போகும்.

ஒரு காலத்தில் இது ஏன் நேர்கிறது என்றே தெரியாமல் குடும்பங்கள் அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்தன. நம் ஊர்களில் பழி பெரும்பாலும் பெண்ணின் ராசிமீது விழுந்திருக்கும். 1939இல் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் நியூயார்க்கில் நடந்த ஒரு நிகழ்வை எழுதினார்கள். குழந்தை இறந்து பிறந்தபின் ஒரு பெண்ணுக்குக் கணவரின் ரத்தம் ஏற்றப்பட்டது. இருவருமே ஓ பிரிவு. ஆனாலும் அவர் உடல் அந்த ரத்தத்தை ஏற்கவில்லை. குழந்தையிடமிருந்து வந்த ஏதோ ஒன்றுக்கு எதிராக அவர் உடல் முன்பே தயாராகியிருந்தது என்று அவர்கள் ஊகித்தார்கள். அந்த ஊகம் சரியாக இருந்தது.

தடுப்புமுறை 1960களில் பிறந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தன. தாயின் உடல் சொந்தமாக எதிர்ப்பொருளை உண்டாக்கக் கற்றுக்கொள்ளும் முன், வெளியிலிருந்து ஆயத்த எதிர்ப்பொருளைச் செலுத்தி, உள்ளே புகுந்த குழந்தையின் சிவப்பணுக்களை அப்புறப்படுத்திவிட்டால்? தாயின் உடலுக்கு எதிரியை அடையாளம் காணும் வாய்ப்பே இராது. 1968இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பாசிட்டிவ் குழந்தை பெற்ற நெகட்டிவ் தாய்மாரில், ஊசி இல்லாதபோது நூற்றுக்குச் சுமார் 16 பேர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவந்தது. பிரசவத்துக்குப்பின் ஊசி போட்டதும் அது ஒன்றிரண்டு பேராகக் குறைந்தது. கர்ப்ப காலத்திலும் ஒருமுறை போடத் தொடங்கியபின் அதிலும் கீழே போய்விட்டது.

அந்த எதிர்ப்பொருளைத் தந்தவர்கள் மனிதர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் மார்பு அறுவை சிகிச்சையின்போது முகமறியாதவர்களின் ரத்தத்தால் பிழைத்தவர். 1954இல் கொடுக்கத் தொடங்கி 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள் அபூர்வமான அளவில் இருந்தது. அவர் கொடையால் 24 லட்சம் குழந்தைகள் பயன்பெற்றதாக அந்நாட்டு ரத்த சேவை அமைப்பு கணக்கிடுகிறது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார்.

இனி நாம் செய்யவேண்டியது. கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே பிரிவு தெரிந்துவிடும். நெகட்டிவ் என்றால் கணவரின் பிரிவையும் பார்ப்பார்கள். கூடவே ஐ.சி.டி. என்ற மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனை செய்து, தாயின் ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அறிவார்கள். இல்லை என்றால் 28ஆம் வாரத்தில் ஓர் ஊசி. அதற்கு முன் மறுபடியும் ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஊசிக்குப்பின் எடுத்தால், செலுத்திய மருந்தே பரிசோதனையில் தெரிந்து குழப்பும். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் பிரிவைப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு இரண்டாவது ஊசி. குழந்தை நெகட்டிவ் என்றால் வேண்டியதில்லை. வழக்கமான 300 மைக்ரோகிராம் அளவு, குழந்தையின் ரத்தம் 30 மில்லி வரை உள்ளே போயிருந்தாலும் சமாளிக்கும். அதற்கும் மேல் கசிந்திருக்கலாம் என்று தோன்றினால் பரிசோதித்துக் கூடுதலாகப் போடுவார்கள்.

28ஆம் வாரம் என்பதை நம் வீட்டுக் கணக்கில் பாருங்கள். ஏழாம் மாதம், வளைகாப்பு சமயம். பெண் புகுந்த வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குப் புறப்படும் நேரமும் பல குடும்பங்களில் அதுதான். ஊர் மாறுகிறது, மருத்துவமனையும் மாறுகிறது. பழைய சீட்டுகள் மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்க, புதிய மருத்துவர் "முன்னாடியே போட்டிருப்பாங்க" என்று நினைக்கவும், பழையவர் "அங்கே போய்ப் போட்டுக்குவாங்க" என்று விடவும் வாய்ப்புண்டு. வளையல் அடுக்கும் நாளுக்கு முன்பே ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிடுங்கள். தாய்சேய் நல அட்டையில் ரத்தப் பிரிவுக்கு இடம் இருக்கிறது. ஊசி போட்ட தேதியையும் அதில் எழுதி வாங்கி, அட்டையைப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

இதைவிட அதிகமாகத் தவறிப்போவது இன்னொன்று. கரு கலைந்தாலும் கலைத்தாலும் ரத்தம் கலக்கலாம். கருக்குழாயில் கரு தங்குவது, இடையில் உதிரப்போக்கு, வயிற்றில் அடிபடுவது, பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மிக ஆரம்ப வாரங்களில் ஊசி தேவையா என்பதில் வழிகாட்டு நெறிகள் வேறுபடுகின்றன. 12 வாரத்துக்குள் கலைப்பதற்கு வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. பல மருத்துவர்கள் அப்போதும் போடுகிறார்கள். முடிவு மருத்துவருடையது, ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்தால்தானே முடிவெடுப்பார்? மெடிக்கலில் மாத்திரை வாங்கி யாருக்கும் தெரியாமல் கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, எத்தனை வாரம், என்ன பிரிவு என்று பார்க்க ஆளில்லை. பின்னால் கர்ப்பமாகும்போது அதை அவர் மருத்துவரிடம் மறைக்கவேண்டிய நிலையும் நம் வீடுகளில்தான் இருக்கிறது. மருத்துவரிடம் பெண் தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டு, மாமியாரும் கணவரும் வெளியே காத்திருக்கலாம்.

72 மணி நேரம் தாண்டிவிட்டதென்றால் "இனி என்ன பயன்" என்று விட்டுவிட வேண்டாம். பத்து நாள் வரையிலும் ஓரளவு காப்பு கிடைக்கலாம். உடனே போய்க் கேளுங்கள்.

திருமணப் பேச்சில் புதிதாக ரத்தப் பொருத்தமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே பிரிவுக்காரர்கள் மணந்தால் குழந்தைக்குக் கேடு என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஒரே பிரிவாக இருப்பதால் எந்தச் சிக்கலும் வராது. இருவரும் நெகட்டிவ் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெண் நெகட்டிவ் என்பதற்காகச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது அநியாயம். மற்றபடி, தாய் ஓ, குழந்தை ஏ அல்லது பி என்றாலும் மஞ்சள் காமாலை வரலாம், தலைப்பிள்ளைக்கே வரலாம். பெரும்பாலும் லேசானது, விளக்கொளி சிகிச்சையில் சரியாகிவிடும். அதற்குத் தடுப்பூசி கிடையாது.

எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்ட தாய்க்கு ஆன்டி-டி ஊசி உதவாது. அதற்காக நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. ரத்தசோகை உள்ள குழந்தையின் ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். மூளைக்குப் போகும் தமனியில் அந்த வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தே பாதிப்பைக் கணிக்கிறார்கள். மிஞ்சினால் கருவிலேயே குழந்தைக்கு ரத்தம் ஏற்றலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி 1963இல் முதன்முதலாக இதைச் செய்து வெற்றி கண்டார். இன்று ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியைத் தொப்புள்கொடி நாளத்துக்குள் செலுத்தி ஏற்றுகிறார்கள். பிறந்தபின் தேவைப்பட்டால் குழந்தையின் ரத்தத்தையே மாற்றுகிறார்கள். இத்தகைய தாய்மார் அடுத்த கருவுக்கு முன்பே கரு மருத்துவ வசதியுள்ள மருத்துவமனையை நாடவேண்டும். முந்தைய குழந்தை எந்த வாரத்தில் பாதிக்கப்பட்டது என்பதையும் அங்கே சொல்லவேண்டும். அடுத்த முறை பாதிப்பு அதைவிட முன்னதாகவே தொடங்கக்கூடும் என்பதால், கண்காணிப்பை எந்த வாரத்தில் தொடங்குவது என்பதை மருத்துவர் அதை வைத்துத் தீர்மானிப்பார்.