பாஸ் எடுப்பதா, டிக்கெட் எடுப்பதா?

கடையில் நாம் கேட்பது 'விலை என்ன?' என்றுதான். ஆனால் செலவைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு: குறைந்தது எவ்வளவு வேண்டும், எதற்கு மேல் போகக்கூடாது? பள்ளிக் கணக்கில் இதற்கு அசமன்பாடு என்று பெயர். பேருந்தில் மாத பாஸ் 1,000 ரூபாய், ஒரு நாள் போக வர டிக்கெட் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 42-ஐ நாள்களால் பெருக்கி வருவது 1,000-ஐத் தாண்டினால்தான் பாஸ் லாபம். 23 நாளுக்கு 966 ரூபாய். 24 நாளுக்கு 1,008. வாரம் ஐந்து நாள் வேலைக்குப் போகிறவருக்கு எந்த மாதத்திலும் 23 வேலை நாளுக்கு மேல் வராது. அவருக்கு டிக்கெட்டே மலிவு. சனிக்கிழமையும் போகிறவருக்கு, விடுப்பில்லாத மாதத்தில், பாஸ்தான் சரி. விலை ஒன்றே, விடை ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இதற்கு மனக்கணக்கே போதுமே என்பார்கள். நிபந்தனை ஒன்றுதான் என்றால் போதும். நிபந்தனைகள் கூடும்போதுதான் மனம் தடுமாறுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1945-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆணுக்கு 9 சத்துகள் குறையாமல் கிடைக்க 77 உணவுப் பொருள்களில் எவற்றை வாங்கினால் செலவு மிகக் குறையும் என்று பார்த்தார். கோதுமை மாவு, முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ், டின் பால் என்று 1939 விலையில் ஆண்டுக்கு 39.93 டாலர் வந்தது. அது ஒரு திறமையான ஊகம். 1947-இல் கணிதவியலாளர் ஜார்ஜ் டான்ட்சிக் கண்ட முறையில் ஒன்பது எழுத்தர்கள் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளோடு உட்கார்ந்து போட்டபோது விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் தவறவிட்டது வெறும் 24 சென்ட். ஆனால் அதற்குக் குறைவாக முடியவே முடியாது என்ற உறுதி அப்போதுதான் கிடைத்தது.

அப்படிப்பட்ட சாப்பாட்டை யார் ஆண்டு முழுக்கச் சாப்பிடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. டான்ட்சிக்குக்கே சாப்பிட முடியாத ஒரு பட்டியல் வந்தது. உடல் எடையைக் குறைக்க, வயிறு நிறையும்படியான உணவைக் கணினியிடம் கேட்டார். 500 காலன் வினிகர் என்றது பட்டியல். கணக்கிடும் முறையில் பிழையில்லை; 'இவ்வளவுக்கு மேல் கூடாது' என்ற நிபந்தனையை யாரும் எழுதவில்லை. ருசியும் பழக்கமும் கணக்குக்கு வெளியே இருப்பவை அல்ல. வாரம் இரண்டு நாளாவது மீன் வேண்டும் என்பதும் ஓர் அசமன்பாடுதான். அதைச் சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை கணக்குப் போட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த மீன் ஆசைக்கு வீடு கொடுக்கும் விலை. அதைக் கொடுக்கலாமா என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும்.