மாற்ற வேண்டியது குழாயை, பாதையை அல்ல

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கும்போது எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் கிடைக்கும் கவனம் பின்சக்கர பிரேக் குழாய்க்கு எளிதில் கிடைப்பதில்லை. துருப்பிடித்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, கை எட்டும் வழியில் புதியதை வளைத்து மாட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் மாஸ்டர் சிலிண்டரின் அழுத்தத்தைப் பின்சக்கரம் வரை கொண்டுசேர்ப்பது பல கார்களில் 4.75 மில்லிமீட்டர் விட்டமே உள்ள அந்தக் குழாய்தான். அதன் உலோகத்தைத் தயங்காமல் மாற்றலாம். தொழிற்சாலை வகுத்த பாதையைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது.

மூன்று பிரிட்டிஷ் கார்களை ஒப்பிட்டால் காரணம் விளங்கும். 1962-இல் வந்த எம்ஜிபி காரில் பின் ஆக்சில் ஒரே துண்டு. இரு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், பாடிக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் போதும். அங்கிருந்து கிளைபிரியும் உலோகக் குழாய்கள் ஆக்சிலோடு சேர்ந்தே அசையும். டிரையம்ப் டிஆர்6 காரில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்; ஆகவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஹோஸ்கள். 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பிலும் சக்கரங்கள் தனித்தனியேதான் அசையும். ஆனால் அதன் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை. நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. அதனால் மறுபடியும் ஒரே ஹோஸ். அசைவு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஹோஸ், மற்ற இடமெல்லாம் இறுகப் பிடித்த உலோகம் என்பதே மூன்றுக்கும் பொதுவான விதி.

மற்ற வளைவுகளுக்கும் இப்படிக் காரணம் உண்டு. புகைக்குழாய்க்கு அருகே போனால் பிரேக் ஆயில் சூடேறும். பழசாகி ஈரம் உறிஞ்சிய ஆயில் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கிளிப்புகளைக் குறைத்தால் குழாய் அதிர்ந்து, நாளடைவில் விரிசல் விடும். நடுவில் தேவையில்லாத மேடு வைத்தால் காற்று அங்கே தங்கிவிடும்; எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாதையில்தானே குழாய் துருப்பிடித்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கெட்டது இரும்பு, அதுவும் பெரும்பாலும் சேறும் ஈரமும் தேங்கும் கிளிப்புகளுக்கு அடியில். அதே பாதையில் செம்பு-நிக்கல் கலவைக் குழாயைப் போட்டால் அந்தக் குறை தீரும். அது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், வெறும் செம்பைவிட அதிர்வையும் தாங்கும். நிறம் அசலைப் போல இல்லை என்று பழமை விரும்பிகள் குறைப்படலாம். காரின் அடியில் தெரியும் நிறத்துக்காக, துருப்பிடிக்கும் உலோகத்துக்குத் திரும்பத் தேவையில்லை. பந்தயக் கார்களில் குழாயைக் கேபினுக்குள் கொண்டுபோகிறார்களே என்பது இன்னொரு வாதம். கல்லடியிலிருந்து அது காக்கும் என்பது உண்மை. ஆனால் தகட்டில் புதுத் துளைகளும் கூடுதல் இணைப்புகளும் வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் கசியக்கூடிய இடம். பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துச் சோதிக்கப்படும் காருக்கு அது பொருந்தும். வாரக்கடைசியில் வெளியே எடுக்கும் காருக்கு வேலையும் அபாயமும்தான் கூடும்.

பாதை மாறியே தீர வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்தினாலோ, வேறு ஆக்சில் மாட்டினாலோ அசைவுப் புள்ளிகள் மாறிவிடும். அப்போது அதே விதியைக் கொண்டு புதிதாக வரையலாம். மற்றபடி பழைய குழாயை உடைக்காமல் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை வளைப்பது நல்லது. மாட்டியபின் ஆக்சிலை முழுதாகத் தொங்கவிட்டும், முழுதாக மேலே ஏற்றியும் பார்க்க வேண்டும். இரண்டு நிலையிலும் ஹோஸ் இழுபடாமலும் எதிலும் உரசாமலும் இருந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.